வந்து திரும்பியவருக்கும் ஒரு கடிதம்

மருத்துவமனை ரத்த வங்கியில் கொடையாளர்களுடன் தொடர்பு வைத்திருப்பது என் வேலை. முகாம் முடிந்த வாரத்துக்குள் நன்றிக் கடிதங்கள் போய்ச் சேர வேண்டும். அதற்கென்று அச்சடித்த படிவம் ஒன்று உண்டு: 'தங்களின் தன்னலமற்ற சேவை மூன்று உயிர்களைக் காத்தது. நெஞ்சார்ந்த நன்றி.' பெயரை நிரப்பினால் போதும். ஆனால் அது தனக்காக எழுதப்பட்டதல்ல என்பது வாங்குபவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கொடுத்தவர் அறிய விரும்புவது, கொடுத்தது என்ன ஆயிற்று என்பதைத்தான். அதற்கான விடை எங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஒருவர் தந்த ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிக்கிறோம். தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் 42 நாள் வரைகூட வைத்திருக்கலாம். ஆகவே இப்படி எழுதுகிறேன்: 'ஞாயிறன்று நீங்கள் தந்த ரத்தத்தின் தட்டணுக்கள் செவ்வாய்க்கிழமை காலை டெங்கு வார்டுக்குப் போய்விட்டன. சிவப்பணுக்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன.' நோயாளியின் பெயரையோ அடையாளத்தையோ எழுதுவதில்லை. அடைமொழியும் தேவைப்படுவதில்லை. ஸ்வீடனில் ஒருவர் தந்த ரத்தம் பயன்பட்டதும் அவருடைய கைபேசிக்கே செய்தி போகிறது. நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன, பதிவேட்டைப் பார்த்துக் கையால் எழுதலாமே.

நான் அதிக நேரம் செலவிடுவது வேறொரு கடிதத்துக்கு. கல்லூரி முகாம்களில் வரிசையில் நின்று, விரலில் ஊசி குத்திக்கொண்டு, ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பலர், பெரும்பாலும் மாணவிகள். தோழிகள் பிஸ்கெட்டும் பழச்சாறுமாக உட்கார்ந்திருக்க, இவர்கள் சான்றிதழ் இல்லாமல் வகுப்புக்குத் திரும்புகிறார்கள். ஊசிக்குப் பயந்து வராமலே இருந்துவிட்டவர்களைவிட ஒரு படி மேலே வந்தவர்கள் இவர்கள். இவர்களுக்கு நன்றி சொல்லாத ரத்த வங்கி தன் வேலையில் பாதியை விட்டுவிட்டது என்றே நினைக்கிறேன்.

அப்படி ஒரு மாணவிக்கு அண்மையில் எழுதியது: 'ரத்தம் கொடுக்க வந்ததற்கு நன்றி. உங்கள் அளவு 11.2 இருந்தது. எடுத்திருந்தால் உங்கள் உடம்புக்கு ஆகாது, அதனால்தான் மறுத்தோம். ஒரு மருத்துவரைப் பார்த்துக் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடக் கூடியதுதான்.' உடல்நலம் பற்றிய தகவல் என்பதால் உறையை ஒட்டி, அவர் பெயருக்கே அனுப்புகிறேன். கல்லூரி அலுவலகம் வழியாகத் தருவதில்லை.

முகாம் நடத்தியவர்களுக்கு எழுதும்போது முதல்வரோடு நிறுத்தாமல், விடியற்காலையில் வகுப்பறையைத் திறந்து பெஞ்சுகளை நகர்த்திக் கொடுத்த ஊழியருக்கும் தனியாக ஒன்று எழுதிவிடுவேன்.

நன்றிக் கடிதத்திலேயே அடுத்த முகாமின் தேதியையும் சேர்த்துவிடலாமே, தபால் செலவு மிச்சமாகும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நான் இணங்குவதில்லை. நன்றிக்குக் கீழே ஒரு கோரிக்கை வந்துவிட்டால், மேலே எழுதியதெல்லாம் அதற்கான பீடிகை ஆகிவிடுகிறது. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும். அழைப்பை அப்போது தனியாக அனுப்புகிறேன்.