வேங்கை எப்ப மக்கும்?

அன்று நான் சொன்ன பதிலில் சட்டப்படி பிழை ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எழுதிக்கொண்டே போனால் கடைசியில் இந்த வரி நிற்குமா என்று எனக்கே சந்தேகம்.

கஜா போன மூன்றாம் நாள். 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், திண்டுக்கல் வருவதற்குள் பாதி உயிரை விட்டிருந்தது. ஆனாலும் கொடைக்கானல் மலையை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் மேற்கே இறங்கியது. ஆனைமலையின் கிழக்குச் சரிவில் ஃபாரஸ்ட் கார்டாக இருந்த எனக்கு அதன் வால்தான் பட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புப் படங்களைப் பார்த்த பிறகு எங்கள் சேதத்தை வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் காற்று என்றால் ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து மேற்கிலிருந்து வரும். மரங்களும் அந்தப் பக்கத்துத் தள்ளுக்குத் தோதாகத்தான் வேர் பிடித்து நிற்கும். கஜா கிழக்கிலிருந்து தள்ளியது. மண்ணும் ஐப்பசி ஈரத்தில் இளகிக் கிடந்தது. எத்தனையோ ஆடியைப் பார்த்த மரங்கள் ஒரு காலைப்பொழுதில் சாய்ந்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

அந்த வேங்கை ஜீப் பாதைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. பட்டை கிழிந்த இடங்களில் செம்பால் வடிந்து, பாதி உறைந்து, கோழி அறுத்த கல் மாதிரி இருந்தது. வாட்சர் பையன் ஒரு கொட்டாங்கச்சியில் அதை வழித்து வைத்துக்கொண்டான். தங்கச்சி குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கவாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒன்றும் சொல்லாததைப் பிறகு நிறைய நினைத்திருக்கிறேன்.

மிஷின் ரம்பம் போட்டு மூன்று துண்டாக அறுத்து, ஓரமாக உருட்டினோம். நீளம், சுற்றளவு அளந்து நோட்டில் ஏற்றி, வெட்டுமுகத்தில் சுத்தியலால் எண் அடித்தேன். நடுத்துண்டு பதினான்கடி. காட்டுக்குள் இருக்கும் பழங்குடிக் குடியிருப்பான செட்டில்மெண்டின் தலைவர், மூப்பர், அதுவரை ஒரு பாறைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பம் பிடித்த வாட்சர் அவர் தங்கை மகன்தான். அவர் வீட்டு விட்டம் புயலில் ஒடிந்து, கூரை பாதி தரையில் கிடப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அந்த நடுத்துண்டு விட்டத்துக்கு ஆகுமுங்க சார்" என்றார். கேட்கக்கூட இல்லை, சும்மா ஒரு தகவல் சொல்வதுபோல.

"இல்லீங் மூப்பரே. சரணாலயத்துல காத்துல விழுந்த மரத்தையும் எடுக்கக்கூடாதுங்."

"ரோட்டுக்கு அறுத்தீங்களே."

"அது வண்டி போறதுக்கு. கட்டை இங்கேயேதான் கெடக்கோணும். மக்கி, காட்டுக்கே உரமாகோணும்."

அவர் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேங்கை எப்பங்க சார் மக்கும்?"

கேலி இல்லை. நிஜமாகவே என்னிடமிருந்து ஒரு கணக்கை எதிர்பார்த்த குரல். நான் பதில் சொல்லாமல் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தேன். வேங்கையின் உள்கட்டையை, அதாவது வைரத்தை, கரையான்கூடச் சுலபத்தில் தொடாது. அதனால்தான் அந்தக் காலத்தில் நிலைக்கும் கதவுக்கும் விட்டத்துக்கும் வேங்கையைத் தேடிப் போனார்கள். எங்கள் தாத்தா வீட்டு நிலைப்படியும் வேங்கைதான்.

சரி, என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த விதி யாரோ பொழுதுபோகாமல் போட்டதல்ல. 2000 பிப்ரவரி 14 அன்று, காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட தடை அது. சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் பட்டமரம், நோய்கண்ட மரம், காற்றில் விழுந்த மரம், ஆற்றில் அடித்து வரும் கட்டை, புல் எதையும் எடுக்கக்கூடாது. விழுந்த மரத்தை எடுக்கலாம் என்று ஒரு வழி விட்டால் என்ன நடக்கும் என்பது காட்டில் வேலை பார்த்த எவனுக்கும் தெரியும். நிற்கிற மரத்துக்குச் சுற்றிவரப் பட்டையை உரித்துவிட்டால் போதும், அது தானாகப் பட்டுப்போகும். அடுத்த புயலுக்கு விழும். அப்புறம் அதுவும் 'காற்றில் விழுந்த மரம்'. ஒரு விட்டத்துக்கு இரங்கினால் பின்னாலேயே லாரி வரும்.

மக்கி உரமாகும் என்று நான் சொன்னதும் வாய்க்கு வந்த பொய் அல்ல. சாய்ந்த மரம் காட்டில் சும்மா கிடப்பதில்லை. பூஞ்சை வரும், வண்டுப் புழு துளைக்கும், அதைத் தேடி மரங்கொத்தி வரும், கரையானுக்காகக் கரடி வந்து கட்டையைப் பிராண்டிப் போடும். சரிவில் குறுக்காகக் கிடந்தால் மழைத்தண்ணீர் இழுத்துப்போகும் மண்ணையும் பிடித்து நிறுத்தும். புயலுக்குப் பிறகு காட்டைக் கூட்டிப் பெருக்குவது புயலைவிடப் பெரிய சேதம் என்று இன்றும் சொல்வேன். இதையெல்லாம் அன்று அவருக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரியாத எதை விளக்கியிருப்பேன்? கரடி பிராண்டிய கட்டையை எனக்குக் காட்டிக்கொடுத்ததே அவர்தான்.

2006 வன உரிமைச் சட்டத்தை அப்புறம் எடுத்துப் படித்தேன். சிறு வனப்பொருள் பட்டியலில் மூங்கில் உண்டு, தேன் உண்டு, மரத்தின் அடிக்கட்டைகூட உண்டு. தடிமரம் மட்டும் இல்லை. அதாவது, மண்ணோடு பிடுங்கிக்கொண்டு கிடந்த அந்த அடிக்கட்டையை மூப்பர் உரிமையாகக் கேட்டிருக்க முடியும். அதை வைத்து யார் கூரை போடுவது?

இதுவரை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

மூப்பர் எழுந்து போகும்போது, மனசு கேட்காமல், "மேல எழுதிக் கேக்கறனுங்" என்றேன். வாய்ப்பே இல்லாத காரியமும் அல்ல. 1972 வனவிலங்குச் சட்டத்தின் 29ஆம் பிரிவில், சரணாலயத்திலிருந்து ஏதாவது பொருளை அகற்றவேண்டி வந்தால் சுற்றியிருக்கும் மக்களின் சொந்தத் தேவைக்குக் கொடுக்கலாம், விற்கத்தான் கூடாது என்று இருக்கிறது. நீதிமன்றத் தடையைத் தாண்டி அது நடந்திருக்குமா என்றால், பெரும்பாலும் நடந்திருக்காது. 'இயலாது' என்று ஒரு வரி திரும்பி வந்திருக்கும். அந்த ஒரு வரியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டியிருக்கலாம். நான் எழுதவேயில்லை. முதல் வாரம் பாதை சீர் செய்யும் வேலை, அப்புறம் சேதக் கணக்கு, அப்புறம் தை பிறந்ததும் தீத்தடுப்புக் கோடு. புயலுக்கு முந்தைய மார்ச்சில்தான் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீ நடந்திருந்தது. அடுத்த கோடையை நினைத்து எல்லோருக்கும் பயம். காரணங்கள் எல்லாம் நிஜம். ஒரு பக்கக் கடிதம் எழுத அரைமணி நேரம் போதும் என்பதும் நிஜம்.

இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை பார்த்தபோது டீ குடிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கட்டையைத்தான் காவல் காத்தோமே தவிர, அது நின்ற இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெரிய மரம் சாய்ந்தால் மேலே ஓட்டை விழும், வெயில் தரைக்கு இறங்கும். அந்த வெயிலில் முதலில் என்ன முளைக்கிறது என்பதில்தான் அந்த இடத்தின் கதை இருக்கிறது. அங்கே உண்ணிச்செடி என்கிற லாண்டானாக் களை முளைத்தது. முதல் வருடம் கையாலேயே பிடுங்கியிருக்கலாம். மூன்றாம் வருடம் ஆளை மறைக்கும் புதர். அதற்கடியில் வேங்கைக் கன்று ஒன்றும் காணவில்லை. மூப்பர் வீட்டுக்கு அந்தத் துண்டைக் கொடுத்திருந்தால் உண்ணிச்செடி வராமல் இருந்திருக்குமா என்றால், இல்லை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்த வழியில் போகும்போதெல்லாம் என் மனசு இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

இதே நிலை நாளைக்கு வந்தால் கட்டையைக் கொடுப்பேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கடிதம் எழுதுவேன். எழுதுவேன் என்றுதான் அன்றும் நினைத்தேன்.

மாற்றலாகி வந்து வெகுநாள் கழித்து, போன வருடம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். நடுத்துண்டு அங்கேயேதான் கிடந்தது. மேல் வெள்ளைக்கட்டை முழுக்கப் பொடியாகி, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. உள்ளே வைரம் அப்படியே இருந்தது. வெட்டுமுகத்துப் பாசியைச் செருப்புக்காலால் தேய்த்தேன். நான் அடித்த எண் தெரிந்தது.

மூப்பர் வீட்டில் இப்போது இரும்புக் குழாய்தான் விட்டம். உடுமலையில் வாங்கி, வண்டி போகிறவரை வண்டியில் ஏற்றி, மிச்சத் தூரத்துக்கு நாலு பேர் தோளில் சுமந்து போனார்களாம். அந்த வாட்சர் பையன்தான் சொன்னான். வேங்கை கிடக்கிற வழியாகத்தான் போயிருக்க வேண்டும், செட்டில்மெண்டுக்கு வேறு வழி கிடையாது.