2 ஏக்கர் 60 சென்ட்: எங்கள் புஞ்சை மனையான கதை

பூங்காவுக்கு மட்டும் 19 சென்ட் போகும் என்று லேஅவுட் வரைபவர் சொன்ன அன்று அண்ணன் மதியம் சாப்பிடவில்லை.

மதுரைக்கு மேற்கே, மாநகராட்சி எல்லை முடிந்து நாலைந்து கிலோமீட்டரில் ஒரு ஊராட்சி. அங்கே அப்பா விட்டுப்போன புஞ்சை 2 ஏக்கர் 60 சென்ட். கடைசியாகச் சோளம் போட்டுப் பத்து வருஷம் ஆகிறது, சுற்றிலும் வீடு வந்துவிட்டது. மொத்தமாகக் கொடுத்தால் புரமோட்டர்கள் அடிமாட்டு விலை கேட்டார்கள், சரி, நாமே மனை பிரித்து விற்றால் என்ன என்று 2022 தை மாதம் இறங்கினோம். ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்றார் தெரிந்தவர் ஒருவர். முடிந்தது 2023 ஆவணியில்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. எங்கள் நிலத்துக்குத் தெற்கே சித்தப்பா 1996-இல் மனை போட்டார். ஒரு முழு வெள்ளைத்தாளில் கோடு கிழித்தார், பஞ்சாயத்துத் தலைவரிடம் சீல் வாங்கினார், விற்றார். அதற்குப் பெயர் 'பஞ்சாயத்து அப்ரூவல்'. தெரு 16 அடி என்று தாளில் இருக்கும், திண்ணையும் படிக்கட்டும் போக நிஜத்தில் 11 அடி தேறினால் பெரிய விஷயம். 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சொன்னதும் அந்தத் தெருவில் ஒரு மனைகூட நகரவில்லை. அப்புறம் 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைகளுக்கு வழி பிறந்தது. சித்தப்பாவிடம் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் பணம் கட்டி வரன்முறை செய்தார்கள். போகிற வழியில் எல்லாம் சித்தப்பாவை நிறுத்தி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் நாங்கள் குறுக்கு வழி எதுவும் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். (அந்த முடிவு பூங்கா கணக்கு தெரிவதற்கு முன்னால் எடுத்தது.)

கணக்கு இதுதான். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்குக் கீழே நிலம் இருந்தால் பூங்காவுக்கு இடம் விட வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 வரை என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதம் விட வேண்டும், இடம் விட முடியாத நிலை என்றால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 10,000 தாண்டினால் பணப் பேச்சே கிடையாது, நிலமாகத்தான் தர வேண்டும். எங்கள் நிலம் 10,500 சதுர மீட்டர் சொச்சம், அதாவது சுமார் 13 சென்ட் கூடுதல். அது மட்டுமில்லை, 10,000 தாண்டியதும் இன்னொரு 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான சின்ன மனைகளாகப் பிரித்து அப்படியே விற்க வேண்டும், இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி விற்க முடியாது. மின்வாரியத்துக்கு அரை சதவீதம், ஊராட்சிக்கு அரை சதவீதம் பொதுப் பயன்பாட்டுக்கு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் தட்டை நகர்த்தி வைத்தார்.

புரோக்கர் ஒருவர் உடனே யோசனை சொன்னார். "14 சென்டை அம்மா பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடுங்க சார், மிச்சம் 10,000-க்குள்ள வந்துடும்." இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. லேஅவுட் வரைபவர்தான் கேட்டார், அந்த 14 சென்டுக்கு வழி எங்கே, வழி விட்டால் அதுவும் லேஅவுட்டுக்குள் வந்துவிடுமே, போன மாதம் ஒரே பட்டாவிலிருந்து பிரித்தது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாதா என்று. நியாயம் பார்த்து நாங்கள் 19 சென்டை விட்டோம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வேறு வழி இல்லாமல் விட்டோம்.

விட்டதிலும் புத்தி போகவில்லை. முதல் வரைபடத்தில் பூங்காவை நிலத்தின் பின்பக்க எல்லையோரமாக, பாவாடை நாடா மாதிரி நீளமாக ஒதுக்கினோம். மனைக்கு உதவாத இடத்தைப் பூங்காவுக்குத் தள்ளுவதுதானே வழக்கம். நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தப் பக்கம் அளந்தாலும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாதாம், எங்களுடையது அகலம் 7. இரண்டாவது வரைபடத்தில் பூங்கா நடுவில் வந்தது, சதுரமாக, இரண்டு பக்கம் சாலையோடு. நல்ல விலை போகிற நாலு மனை அங்கேதான் இருந்தது. தெரு முனை மனைகளின் மூலையை முக்கோணமாக வெட்டிச் சாலையில் சேர்க்கவும் சொன்னார்கள். வண்டி திரும்புவதற்காம். அதை மட்டும் நானே முன்னால் நின்று ஒத்துக்கொண்டேன், சித்தப்பா தெருவில் 108 வண்டி திரும்ப முடியாமல் ரிவர்ஸிலேயே வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆவணங்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பட்டா, புலப்படம் (நிலத்தின் சர்வே வரைபடம்), 30 வருஷ வில்லங்கம், தாசில்தார் சான்று, வேளாண்மைத் துறையின் தடையின்மைச் சான்று, எல்லாம் ஆன்லைனில் ஏற்றினாலும் ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் நிற்கத்தான் வேண்டியிருந்தது. கை நனைக்காமல் எல்லாம் நகர்ந்ததா என்று கேட்பீர்கள். எல்லா இடத்திலும் இல்லை. அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

நீர்வளத் துறையில்தான் மாட்டினோம். அங்கிருந்து வந்தவர் புலப்படத்தை விரித்து, மேற்கு மூலையில் ஒரு கோட்டைக் காட்டி, "இந்த வாய்க்கால் எங்கே?" என்றார். கண்மாய்க்குத் தண்ணீர் போகும் வரத்து வாய்க்கால். தரையில் ஒன்றும் இல்லை. எங்கே போனது என்று எனக்கும் அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும், அப்பா வருஷத்துக்கு ஒரு கொழுவாக உழுது சேர்த்துக்கொண்டார். "தண்ணி வந்தே பதினஞ்சு வருஷம் ஆச்சு சார்" என்றார் அண்ணன். "வராததுக்குக் காரணமே இதுதானே" என்றார் அவர். பதில் சொல்ல முடியவில்லை. சர்வேயரை வைத்து அளந்து, வாய்க்காலைப் பழைய அகலத்துக்குத் தோண்டி, அதைத் தாண்டி இருந்த ஆறு மனைகளுக்குப் போக ஒரு பாலம் கட்டினோம். மூன்றடி சிமென்ட் குழாயைப் போட்டு மூடிவிடலாம் என்று பார்த்தோம், பாக்ஸ் கல்வெர்ட்தான், அதாவது பெட்டி மாதிரி கான்கிரீட் பாலம்தான் வேண்டும் என்று நின்றுவிட்டார்கள். வீட்டு மனைகளின் வடிகாலையும் இதில் விடக் கூடாது, கழிவு கண்மாய்க்குப் போகும் என்றார்கள். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வரைபடம் ஒத்துக்கொள்ளப்பட்டதும் சாலை வேலை. நடுச் சாலை 30 அடி, உள் சாலைகள் 23 அடி. தார் போடும் பகுதிக்குக் கீழே கிராவல், அதன்மேல் ஜல்லி இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 75 மில்லிமீட்டர், மேலே 20 மில்லிமீட்டர் தார்க் கலவை. ஊராட்சி ஒன்றியத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த பொறியாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஸ்கூட்டரில் வந்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடந்து பார்த்தார். ஜல்லி அடுக்கு முடிந்த அன்று கான்டிராக்டர், "இங்கே தோண்டிப் பாருங்க மேடம்" என்று ஓர் இடத்தைக் காட்டினார். அவர் அங்கே நிற்காமல் முப்பது அடி தள்ளிப் போய்ச் செருப்பு நுனியால் தரையில் ஒரு வட்டம் போட்டு, "இங்கே" என்றார். கடப்பாரையால் குத்தி, கையாலேயே ஜல்லியை வழித்து எடுத்து, டேப்பை இறக்கினார். இரண்டு அடுக்கும் சேர்ந்து 15 சென்டிமீட்டர், சரி. இரண்டாவது குழியும் சரி. வடக்குச் சாலையில் மூன்றாவது குழியில் 12.

"ரோலர் ஓட்டினா அமுங்கத்தானே மேடம் செய்யும்?"

"அமுங்கின பிறகுதான் 75 மில்லி. எஸ்டிமேட்டைப் படிச்சீங்களா?"

வடக்குச் சாலை முழுவதற்கும் மறுபடி ஜல்லி கொட்டினோம். தார் போட்டு முடிந்ததும் மறுபடி வந்தார், ஒரு குடம் தண்ணீர் கேட்டார், குடிக்க என்று நினைத்து அண்ணன் பாட்டில் நீட்டினார். குடத்தைச் சாலை நடுவில் கவிழ்த்துவிட்டு இரண்டு பக்கமும் சமமாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஓடியது. நிமிர்ந்து எங்கள் வடிகாலின் கடைசி வரை நடந்து போய், "இது வெளியே எங்கே போய்ச் சேருது?" என்று கேட்டார். ஊராட்சித் தெருவில் சேரும், அதற்கப்புறம் ஊராட்சி பார்த்துக்கொள்ளும் என்றோம். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். படிவத்தில் அதற்குக் கட்டம் எதுவும் இல்லை போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டார்.

சாலை, பூங்கா, பொதுப் பயன்பாட்டு இடம் எல்லாவற்றையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம். மனை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தானப் பத்திரம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதோடு விடாதீர்கள். பூங்கா இடத்தின் பட்டா ஊராட்சி பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் ஒரு பக்கம் இருக்க, பட்டா பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடந்தால் பத்து வருஷம் கழித்து அவர் பேரன் வேலி போட வருவான். எங்களுக்கும் பட்டா தானாக மாறவில்லை, நாங்களே மனு கொடுத்து நாலு மாதம் அலைந்து மாற்றினோம். இதில் மட்டும் அண்ணனுக்கு என்னைவிட அக்கறை. கொடுத்தது கொடுத்ததாக இருக்க வேண்டுமாம்.

எட்டு மனைக்கு மேல் என்பதால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் உண்டு. பதிவு எண் வரும் வரை விளம்பரம் செய்யக் கூடாது, முன்பணம் வாங்கக் கூடாது. இது தெரியாமல், அல்லது தெரிந்தே, புரோக்கர் 'ஆடிச் சலுகை' என்று 2,000 நோட்டீஸ் அடித்துவிட்டார். திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் வரலாம் என்று ஆடிட்டர் சொன்னதும் நானே போய்க் கட்டுக் கட்டாக வாங்கி வந்தேன். இன்னும் வீட்டில் அதன் பின்பக்கத்தில்தான் மளிகைக் கணக்கு எழுதுகிறோம்.

மனைகள் விற்றன. சித்தப்பா தெருவை விட சென்டுக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகப் போனது, வாங்க வந்தவர்கள் முதலில் போய் நின்றது பூங்கா முன்னால்தான். அண்ணன் இப்போது அந்த 19 சென்டைத் தன் யோசனை மாதிரியே பேசுகிறார்.

அந்த வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் மழை. உள்ளே ஒரு சொட்டு நிற்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தோம். அண்ணன் அதை வாட்ஸப்பில் வைத்தார். மூன்றாம் நாள் காலை எதிர்த் தெருப் பெரியம்மா வந்தார். "உங்க பூங்கா நல்லாருக்கு தம்பி. என் அடுப்படியை வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். கிராவல், ஜல்லி, தார் என்று அடுக்கி எங்கள் சாலை பழைய தெருவைவிட ஒன்றேகால் அடி உயர்ந்து நிற்கிறது. வடிகால் எங்கள் எல்லைக் கல்லோடு முடிகிறது, வரைபடமும் அங்கேதான் முடிகிறது. இரண்டரை ஏக்கரில் விழுந்த மழை மொத்தமும் அந்த ஒரு வாயில் வந்து தெருவில் கொட்டி, தெருவை விடப் பள்ளமாக இருக்கும் மூன்று வீடுகளுக்குள் போயிருக்கிறது. முன்பு அது புஞ்சை, மழையைக் குடித்துக்கொண்டது. பெரியம்மா வீட்டில் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றி வைத்திருந்தார்கள், கேஸ் அடுப்புக் குழாய் தண்ணீருக்குள் கிடந்தது. விதிப்படி நாங்கள் செய்ததில் ஒரு குறையும் கிடையாது. அந்தப் பொறியாளர் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. அதை யாரோ ஒரு வரியாகப் படிவத்தில் சேர்த்திருந்தால், நாங்களும் திட்டிக்கொண்டே செய்திருப்போம்.

வாய்க்காலில் விட முடியாது. தெருவோடு 140 அடி கீழே போனால் பழைய பெரிய வடிகால் இருக்கிறது, அதுவரை கட்டிக் கொடுக்கிறோம் என்று ஊராட்சியில் எழுதிக் கொடுத்தோம், எங்கள் செலவு. 80 அடி கட்டினோம். அதற்கு மேல் ஒரு வீட்டுப் படிக்கட்டும் மாட்டுத் தொட்டியும் தெருவில் இருக்கின்றன, அவர்கள் விடவில்லை. தலைவர் பேசிப் பார்க்கிறேன் என்றார். 2025 ஜனவரியோடு ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்தது, அதன்பின் தலைவர் இடத்தில் தனி அலுவலர் வந்தார். மனு கொடுத்திருக்கிறோம், மனு எண் என்னிடம் இருக்கிறது.

புரட்டாசி பிறந்ததும் அண்ணன் நாலு மூட்டை எம்-சாண்ட் கொண்டுபோய்ப் பெரியம்மா வாசலில் அடுக்கிவிட்டு வருகிறார். அவர் டீ கொடுக்கிறார், பேசுவதில்லை.