மாமத் குகை: முழங்காலைக் கேட்டு டிக்கெட்

ஏப்ரல் 27, 2024
அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகைதான் உலகில் இதுவரை அறியப்பட்டதிலேயே நீளமானது. அளந்து முடித்தது மட்டும் 680 கிலோமீட்டருக்கு மேல். பூங்காவுக்குள் போகக் கட்டணம் இல்லை, வழிகாட்டியோடு குகைக்குள் இறங்கத்தான் டிக்கெட். அதை ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் இப்போதே போட்டுவிட வேண்டும். கோடை வார இறுதியில் நேரே போய் வாங்கலாம் என்பது வீண் நம்பிக்கை.

ஏப்ரல் 29
எந்த டூர் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெயரைப் பார்க்காமல் படிக்கட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். ஹிஸ்டாரிக் டூர் 2 மணி நேரம், 2 மைல், 540 படி. மாமத் டோம் என்ற உயரமான செங்குத்துக் குழியில் ஏறும் பெரிய படிக்கட்டு கடைசிப் பகுதியில், கால் ஓய்ந்த பிறகு வருகிறது. ஃப்ரோசன் நயாகரா டூர் கால் மைல்தான், கட்டாயப் படிகள் 12. கூடவே 98 படி உண்டு. வேண்டாமென்றால் மேலேயே நிற்கலாம். பாட்டியும் நாலு வயதுப் பிள்ளையும் வந்தால் இதுவே.

இன்னொன்று: கல்விழுது (கூரையிலிருந்து தொங்குவது), கல்முளை (தரையிலிருந்து எழுவது) பார்க்கும் ஆசையில் ஹிஸ்டாரிக் போனால் முகம் வாடிவிடும். அந்தப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைக்கு மேலே மணற்பாறை கூரை போட்டதுபோல மூடியிருக்கிறது. மழைநீர் கசியாததால் வறண்ட பெரிய மண்டபங்களே மிச்சம். ஃப்ரோசன் நயாகரா பக்கம் அந்தக் கூரை அரித்துப்போய்விட்டது. நீர் சொட்டிச் சொட்டிக் கல் விழுதுவிட்டிருக்கிறது. ஹிஸ்டாரிக்கின் அழகு வேறு: அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1812 போர்க்காலத்தில் வெடிமருந்துக்காக வெடியுப்பு எடுத்த மரத்தொட்டிகள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன.

மே 11
கடிகாரம். பூங்கா சென்ட்ரல் நேரத்தில், பலர் விமானத்தில் வந்திறங்கும் லூயிவில் நகரம் ஒரு மணி நேரம் முந்திய ஈஸ்டர்னில். அங்கிருந்து போகும்போது ஒரு மணி நேரம் லாபம், தொல்லை இல்லை. திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் போய்விடும். மாலை விமானம் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். நாஷ்வில்லில் இருந்து வந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். பூங்காவில் சிக்னல் வந்து வந்து போகும். டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஜூன் 14
பை கட்டும் நாள். வெளியே வேர்த்துக் கொட்டினாலும் உள்ளே 12 டிகிரி செல்சியஸ்தான்: ஆளுக்கொரு ஸ்வெட்டர். பிடிமானமுள்ள ஷூ போடுங்கள், செருப்பு ஈரப்பாறையில் வழுக்கும். ஸ்ட்ரோலருக்கு அனுமதி இல்லை. முதுகில் சுமக்கும் குழந்தைப் பையும் கூடாது, தாழ்ந்த கூரையில் பிள்ளையின் தலை இடிக்கும். மார்போடு கட்டும் பை சரி. தண்ணீர் மட்டும் கொண்டுபோகலாம், முறுக்குப் பொட்டலம் காரிலேயே இருக்கட்டும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கவும் கூடாது.

ஜூன் 15
அரை மணி முன்னதாகவே விசிட்டர் சென்டர் சேருங்கள். ஃப்ரோசன் நயாகராவுக்கு அங்கிருந்து பஸ். அது யாருக்காகவும் நிற்காது. குழந்தைகளைக் கழிவறைக்கு இப்போதே கூட்டிப்போய் வந்துவிடுங்கள்.

வெளியே வந்ததும் சோப்புக் கரைசலில் ஊறிய பாய்மேல் முழு நீளமும் நடக்க வேண்டும். வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோயின் பூஞ்சை இங்கே 2013 முதல் இருக்கிறது. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் ஷூவில் ஒட்டிக்கொண்டு போகும். இன்று போட்ட ஷூவையும் துணியையும் வேறு குகைக்குப் போடாதீர்கள்.