உதிர்ந்துபோன ஓர் 'ஆம்'

2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணை ஆற்றில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நாளிலிருந்தே கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால், கைப்பேசியில் மிச்சமிருந்த சார்ஜை எண்ணி எண்ணிச் செலவழித்துக்கொண்டிருந்தேன். காலையில் தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் கண்ட முதல் செய்தி, "சாத்தனுர் அணை உடைந்துவிட்டதாம்" என்பது.

அரை மணி நேரத்துக்குள் அதே வாக்கியத்தை முகநூலில் ஐந்தாறு பேரின் பக்கங்களில் பார்த்தேன். மளிகைக் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவர் என்று எவருக்குமே இருநூறு நண்பர்களுக்கு மேல் இருக்கமாட்டார்கள். 'னூ' குறுகி 'னு' ஆன பிழை எல்லாவற்றிலும் அப்படியே இருந்தது. ஆனால் கடைசியில் இருந்த 'ஆம்' மட்டும் எங்கோ உதிர்ந்து, "உடைந்துவிட்டது" என்றாகியிருந்தது. கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே சொல்ல நம் மொழி தந்திருக்கும் ஒற்றை விகுதி அது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஓர் எழுத்தைத்தான் கைவிட்டார்கள்.

ஐந்து கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நகலெடுத்து ஒட்டுபவரிடமும், தானே தட்டச்சு செய்பவரிடமும் அது செல்லாது. அப்படித் தட்டச்சு செய்தது சொந்தச் சொல்லாகவும் தோன்றுவதால் கூடுதலாக நம்பப்படுகிறது.

அணை உடையவில்லை என்பது விரைவில் தெளிவாயிற்று. ஆனால் "சொல்லாமல் திறந்துவிட்டார்கள்" என்ற அடுத்த வாக்கியம் அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. எதிர்க்கட்சிகள் அதையே குற்றச்சாட்டாக வைத்தன. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்ததாக அரசு பதில் சொன்னது. எங்கள் குழுவிலோ எந்தக் கட்சியின் அறிக்கையும் வந்து சேருவதற்கு முன்பே, முழங்கால் அளவு நீரில் நின்று எடுத்த படங்களும் பதினைந்து விநாடிக் குரல்பதிவுகளும் அந்தத் தீர்ப்பை எழுதி முடித்திருந்தன. எச்சரிக்கை விடுப்பதும் அது ஆற்றங்கரை வீட்டுக்கு வந்து சேருவதும் வேறு வேறு என்பதால், குழுவினர் சொன்னதை வதந்தி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆற்றங்கரையோர நாணமேட்டில் இருக்கும் அத்தைக்கு அன்று காலை நானும் ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். வெள்ளம் வடிந்த பிறகு பார்க்கப் போனபோது, அணை உடையவே இல்லையாமே என்று தயங்கியபடி சொன்னேன். அத்தை கைப்பேசியை எடுத்து நீட்டினார்.

"நீ அனுப்புனதுதானேப்பா? அதனாலதான் நம்புனேன்."

அதில் 'ஆம்' இல்லை.