பெரிஸ்பர்க் கிடங்கிலிருந்து வந்த அழைப்பு

கடந்த மாசியில் ஒரு செவ்வாய் இரவு, 7.48க்கு எனது தொலைபேசி அடித்தது. ஒஹாயோவின் டொலிடோவுக்குத் தெற்கே பெரிஸ்பர்க்கில் ஒரு கிடங்கு வாசலில் எங்கள் ட்ரக் நின்றது. அதன் சாரதி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத தம்பி. "அக்கா, இப்பதான் விட்டவங்கள். எனக்கு 12 நிமிடம்தான் இருக்கு" என்றான். குரலில் அழுகை தெரிந்தது.

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஓடும் ஏழு ட்ரக்குகளின் லொக் பதிவுகளை, அதாவது சாரதிகளின் ஓட்ட, ஓய்வு நேரக் கணக்கை, நான் பார்க்கிறேன். மின்னணுப் பதிவுக் கருவியை எங்கள் பையன்கள் எல்லோரும் ஈ.எல்.டி. என்றுதான் சொல்வார்கள். அது எஞ்சினோடு இணைந்திருக்கும். அமெரிக்காவில் வண்டி மணிக்கு 5 மைல் வேகத்தைத் தொட்டால் போதும், ஓட்டும் நேரம் தானாகப் பதிவாகத் தொடங்கிவிடும். கனடாவில் அந்த எல்லை 8 கிலோமீட்டர்.

தம்பி காலை 6 மணிக்கு வேலையைத் தொடங்கியிருந்தான். அமெரிக்கச் சட்டத்தில் 10 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வெடுத்து வருபவர் 11 மணித்தியாலம் ஓட்டலாம். ஆனால் அந்த 11 மணித்தியாலமும் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். அவன் ஓட்டியது ஐந்தரை மணித்தியாலம்தான், பாதி இன்னும் மிச்சம். ஆனால் கிடங்கில் 12.40க்குப் போனவனை ஏழு மணித்தியாலம் காக்கவைத்துவிட்டார்கள். இரவு 8 மணிக்கு அவனுடைய 14 முடிகிறது. சாமான் ஏற்றி முடிந்ததும் அங்கே நிற்கவும் விடமாட்டார்கள்.

"பெர்சனல் போட்டுக்கொண்டு மன்றோ வரைக்கும் போகட்டா?" என்று கேட்டான். மன்றோ மிச்சிகனில், வீட்டுப் பக்கமாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

பெர்சனல் என்பது சொந்தத் தேவைக்காக வண்டியை ஓட்டும் நிலை. ஓய்வு நேரமாகவே அது பதிவாகும். 2018இல் அமெரிக்கப் பாரவண்டிப் பாதுகாப்பு நிர்வாகம் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. ஏற்றியோ இறக்கியோ முடித்த சாரதி, நேரம் முடிந்திருந்தாலும், ட்ரெய்லரில் பாரம் இருந்தாலும், அருகில் நியாயமாகக் கிடைக்கும் முதலாவது பாதுகாப்பான ஓய்விடம் வரை இப்படி ஓட்டலாம். முதலாவது இடம் என்பதுதான் இதன் உயிர். போகவேண்டிய திசையில் 50 கிலோமீட்டர் முன்னேறினால் அது சொந்தத் தேவை அல்ல, சுமை ஓட்டும் வேலை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்டோனி ரிட்ஜ் இருக்கிறது, பெரிய ட்ரக் தரிப்பிடங்கள் உள்ள ஊர். ஆனால் வீட்டுத் திசைக்கு விலகி, கிழக்கே.

"ஸ்டோனி ரிட்ஜ் போ. ஏன் போகிறாய் என்று கருவியில் இரண்டு வரி எழுது" என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. இரவு 8.30க்குத் தரிப்பிடத்தில் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது ஓடுபவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து அவன் கேட்டது இன்னும் கடினமானது. கிடங்கில் காத்திருந்த ஏழு மணித்தியாலத்தையும் ஸ்லீப்பர், அதாவது படுக்கையில் எடுத்த ஓய்வு, என்று மாற்றிவிட்டால் என்ன? 2020 செப்டம்பரில் வந்த மாற்றத்தின்படி 10 மணித்தியால ஓய்வை 7ம் 3மாகப் பிரிக்கலாம். அந்த ஏழு மணித்தியாலத்தை வண்டியின் ஓய்வுப் படுக்கையில் எடுத்திருக்க வேண்டும். அப்படி ஒழுங்காகச் சேர்ந்த இரண்டு பகுதிகளும் 14இல் கழியாது. அவன் உண்மையாகவே படுத்திருந்தால், விளக்கக் குறிப்போடு திருத்தியிருக்கலாம். ஆனால் அவன் ஏழு மணித்தியாலமும் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, எப்போது அழைப்பார்கள் என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவனே எனக்குச் சொன்னான். நான் மாற்றவில்லை.

நான் மாற்றியிருந்தாலும் அவன் ஒப்புக்கொண்டால்தான் அது நிற்கும். அலுவலகம் செய்யும் திருத்தத்தைச் சாரதி ஏற்றுக்கொள்ள வேண்டும், பழைய பதிவும் உள்ளே அழியாமல் இருக்கும். இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். காகித லொக் இருந்த காலத்தில் சாரதிக்கு இந்தக் காவல் இருக்கவில்லை.

எனது கணவர் 2003இல் ஓடத் தொடங்கினார். ஓய்வு, படுக்கை, ஓட்டம், வேலை என்று நான்கு வரிகள் உள்ள கட்டத்தாளில், கால் மணித்தியாலக் கணக்கில், அடிமட்டம் வைத்துக் கோடு இழுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குசினி மேசையில் இருந்து ஒரு கிழமைக்கான கோடுகளையும் சேர்த்து இழுத்த நாட்கள் உண்டு. அப்போதைய முதலாளி அப்படித்தான் கேட்டார். ஒரு விடியற்காலை, 401 நெடுஞ்சாலையில் ஒன்ராறியோவின் லண்டனைத் தாண்டி வரும்போது கண் செருகிவிட்டது. வீதி ஓரத்தில் வெட்டிய பள்ளங்கள் டயரின் கீழ் அதிர்ந்த சத்தம்தான் அவரை எழுப்பியது. அந்த நாளின் லொக்கில் அவர் எட்டு மணித்தியாலம் தூங்கியிருந்தார்.

அதனால்தான் "அக்கா, ஈ.எல்.டி. இல்லாமல் ஓட ஏதாவது வழி இருக்கா?" என்று யாராவது கேட்கும்போது நான் பொறுமையாக நீண்ட பதில் சொல்கிறேன். வழிகள் இருக்கின்றன, சட்டமே தந்தவை. ஆனால் கருவிக்கு விலக்குக் கிடைப்பதால் நேர வரம்புக்கும் விலக்குக் கிடைத்துவிடாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

குறுந்தூரம் ஓடுபவர்களை எடுங்கள். அமெரிக்காவில் வேலை தொடங்கும் இடத்திலிருந்து நேர்கோட்டில் 150 வான்மைலுக்குள், ஏறக்குறைய 278 கிலோமீட்டருக்குள், ஓடி 14 மணித்தியாலத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்பினால் லொக்கே தேவையில்லை. கனடாவில் அந்த வட்டம் 160 கிலோமீட்டர். இரண்டு நாட்டிலும் எப்போது வந்தார், எப்போது போனார் என்ற கணக்கை முதலாளி ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 30 நாளில் 8 நாளுக்கு மேல் லொக் எழுத வேண்டி வந்தால் கருவி பூட்டியே ஆக வேண்டும். மரக்கறி விநியோகம் செய்யும் ஒருவர் இந்த எட்டு நாள் கணக்கை எண்ணாமலே ஓடிக்கொண்டிருந்தார். நாட்காட்டியில் வட்டம் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

பழைய ட்ரக் வாங்கலாம் என்று இன்னொருவர் வந்தார். 2000ஆம் ஆண்டு மாடலுக்கு முந்தியவற்றுக்குக் கருவி வேண்டாம் என்பது சரி. ஆனால் அமெரிக்கா எஞ்சின் எந்த ஆண்டு என்று பார்க்கிறது, கனடா வண்டி எந்த ஆண்டு என்று பார்க்கிறது. புதிய உடலுக்குள் 1998 எஞ்சின் வைத்த வண்டி எல்லைப் பாலத்தின் அந்தப் பக்கம் தப்பும், இந்தப் பக்கம் தப்பாது. தப்பும் இடத்திலும் காகித லொக் எழுத வேண்டும்.

எல்லை தாண்டி ஓடுபவர்களுக்கு இதுதான் தலைவலி. ஒரே வண்டி, ஒரே ஆள், இரண்டு சட்டம். கனடாவில் 13 மணித்தியாலம் ஓட்டலாம், அங்கே 11. கருவி பழுதானால் அங்கே 8 நாளில் திருத்த வேண்டும், இங்கே 14. இங்கே பெர்சனல் நாளுக்கு 75 கிலோமீட்டர்தான். அதுவும் சாமான் இறக்கி, ட்ரெய்லரைக் கழற்றிய பிறகு. பெரிஸ்பர்க்கில் தம்பி செய்ததை கனடாப் பக்கம் வின்ட்சரில் செய்திருந்தால் குற்றம்.

மாரியில் அதிகம் தவறாகப் பாவிக்கப்படுவது மோசமான காலநிலையில் இரண்டு மணித்தியாலம் கூடுதலாக ஓட்டும் சலுகை. ஈரி ஏரிக் கரையில் பஃபலோ பக்கம் திடீரெனக் கொட்டும் பனிக்கு அது பொருந்தும். காலையிலேயே வானொலி சொன்ன பனிக்குப் பொருந்தாது, புறப்படும்போது தெரிந்திருக்கக்கூடாது.

தம்பிக்கு ஸ்டோனி ரிட்ஜில் கடைசி வரிசையில் ஓர் இடம் கிடைத்தது. "கிடங்கில் நிற்க அனுமதியில்லை, மிக அருகிலுள்ள தரிப்பிடத்துக்குப் போகிறேன்" என்று எழுதியிருந்தான். அடுத்த நாள் காலை 6.40க்குப் புறப்பட்டான்.

அவன் பாலம் தாண்டுவதற்குள் நான் அந்த லொக் பக்கத்தை அச்சிட்டேன். 12.40க்கு வண்டி நின்றதும் இரவு அங்கிருந்து புறப்பட்டதும் நேரத்தோடும் இடத்தோடும் அதில் இருந்தன. முதல் இரண்டு மணித்தியாலத்தைக் கழித்து, மிச்சம் ஐந்துக்கும் காத்திருப்புக் கட்டணம் போட்டு அந்தக் கிடங்குக்காரர்களுக்கு பில் அனுப்பினேன். வரும் பணத்தில் பாதி தம்பிக்கு என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி அனுப்புவேன்.