சூடானது கியர்பாக்ஸ் இல்லை, கெட்டது எர்த்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைக்கூட ஏறாமல் அடிவாரத்திலேயே வண்டியைத் திருப்பினேன். பின்சீட்டில் மாமனார், மாமியார், குழந்தைகள். வேலூரிலிருந்து கிளம்பியபோதே கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டைக் காட்டும் கேஜ் 105 டிகிரி காட்டியது. பொழுது சாய்ந்து ஹெட்லைட் போட்ட பிறகு பார்த்தால் 130. வெளியில் வாங்கி மாட்டிய கேஜ்தான், ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மலையேற எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பட்டறையில், "ஆட்டோமேட்டிக் சார், கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்கணும்" என்று சொல்லி 70,000 ரூபாய் கேட்டார்கள். ஆயில் குச்சியை உருவி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்து நானே உருவிப் பார்த்தேன். நல்ல சிவப்பு, தீய்ந்த வாடை கொஞ்சமும் இல்லை. அவ்வளவு சூட்டில் தொடர்ந்து ஓடிய ஆயில் பெரும்பாலும் கருத்திருக்கும்.

அடுத்த நாள் விடியற்காலை, இரவெல்லாம் நின்ற வண்டியில் எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பினேன். முள் 70-இல் நின்றது. கத்திரி வெயிலில்கூட வேலூரில் விடிகாலை 70 டிகிரி இருக்காதே! ஹெட்லைட்டைப் போட்டேன், முள் இன்னும் ஏறியது. அணைத்தேன், இறங்கியது. உங்கள் கேஜும் இப்படி ஆடினால் கியர்பாக்ஸைத் தொட விடாதீர்கள். முதலில் எர்த்தை, அதாவது கேஜிலிருந்து பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குப் போகும் இணைப்பைப் பாருங்கள்.

கியர்பாக்ஸில் சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயரைக் கழற்றினால் முள் அடியில் விழ வேண்டும், அதை பாடியில் தொட்டால் உச்சிக்குப் போக வேண்டும். என்னுடையதில் இரண்டும் சரியாக நடந்தன. (சில கேஜ்களில் இது நேர்மாறாக இருக்கும், கூட வந்த தாளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.) அப்புறம் மல்டிமீட்டரில் கேஜின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்தேன். லைட் எரியும்போது 0.6 வோல்ட் காட்டியது. 0.1-ஐத் தாண்டவே கூடாது. டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால், பெயிண்ட் அடித்த தகட்டின் மேலேயே எர்த்தை முடுக்கியிருக்கிறார்கள், டாஷ்போர்டு விளக்குகளின் எர்த்தும் அதே ஸ்க்ரூவில். பெயிண்டைச் சுரண்டி, கேஜுக்குத் தனி எர்த் இழுத்தேன்.

அதோடு தீரவில்லை. சத்துவாச்சாரியிலிருந்து ஆற்காடு வரை போய் வந்தும் முள் 60-ஐத் தாண்டவில்லை. இது இன்னும் ஆபத்து, நிஜமாகவே சூடானாலும் தெரியாது. சென்சாரைக் கழற்றினால் மரை முழுக்க டெஃப்லான் டேப், சுற்றுச் சுற்றாக. ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். டேப் அதை மறைத்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும், கேஜ் குறைத்துக் காட்டும். பிய்ந்த டேப் துணுக்கு ஆயிலோடு உள்ளே போனால் வால்வுகளையும் அடைக்கலாம். டேப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, மரையில் திரவ சீலண்ட் கொஞ்சமாகத் தடவி முடுக்கினேன். கழற்றும்போது ஆயில் ஒழுகும், அடியில் தட்டு வையுங்கள், பிறகு அளவைச் சரிபாருங்கள்.

இப்போது சமவெளியில் 85 காட்டுகிறது. போன ஞாயிறு அதே குடும்பத்தோடு ஏலகிரி ஏறினோம். கடைசி வளைவில் முள் 102. ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை.