மச்சாள் கொண்டுவந்த பன்னம்

சுவிஸிலிருந்து திருகோணமலைக்கு வந்த மச்சாள், ஆல்ப்ஸ் மலையில் எடுத்த சின்னப் பன்னம் (பெரணிச் செடி) ஒன்றைப் பேப்பருக்குள் அழுத்திக் கொண்டுவந்து தந்தா. விரல் நீளம்தான், ஆனால் என்ன அழகு! எட்ட நின்று பார்த்தால் அஸ்பிளேனியம் டிரைக்கோமனெஸ் என்ற இன்னொரு பன்னம் மாதிரியே இருக்கும். அதற்கு நடு ஈர்க்கு அடியிலிருந்து நுனிவரை கரும்பழுப்பு. இதிலோ அடிப்பக்கம் மட்டும்தான் பழுப்பு, மேலே பச்சை. காய்ந்த பிறகும் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. அப்புறம் கைவில்லையை வைத்துப் பின்பக்கம் பார்த்தேன். வித்திக் குவைகள், அதாவது வித்திகள் உண்டாகும் பைகளின் கூட்டங்கள், நரம்போடு ஒட்டி நீளவாக்கில் கிடக்கின்றன. சரி, அஸ்பிளேனியம் விரிடேதான்!

சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் விரும்பி வளரும் இனம் இது. மச்சாள், எந்தப் பாறையில், எவ்வளவு உயரத்தில் எடுத்தீங்கள் என்று எழுதி அனுப்புங்கோ. லேபிளில் போட வேணும்.